முழு அளவு கேரம் போர்டு: டீன் ஏஜ் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு எதை வாங்குவது, எங்கே வைப்பது, எப்படி ஆடுவது

பதின்மூன்று வயதைத் தாண்டிய பிள்ளையை எதிரே உட்கார வைத்து, முகத்தைப் பார்த்து, "சொல்லு, ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் பெரும்பாலும் "ஒண்ணுமில்ல" என்பதுதான் பதில். கேள்வி கேட்டவர் நல்லவர்தான். உட்கார்ந்த விதம் விசாரணை மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். கைக்கு ஒரு வேலை இருந்து, கண் வேறெங்கோ பதிந்திருந்து, நடுவில் ஐந்து நிமிடம் யாரும் பேசாவிட்டாலும் சங்கடப்படாத நிலை இருந்தால், அதே பிள்ளை தானாகவே ஏதாவது சொல்லும். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது பிள்ளைகள் வாய் திறப்பதைக் கவனித்த அப்பா அம்மாவுக்கு இது தெரிந்திருக்கும்.

அந்த நிலையை வீட்டுக்குள்ளேயே உண்டாக்கித் தருபவற்றில் எங்கள் முதல் தேர்வு முழு அளவு கேரம் போர்டு. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கி, மே மாத விடுமுறைக்கு மட்டும் இறங்கும் சின்ன போர்டை இங்கே சேர்க்கவில்லை. ஸ்டாண்டின்மேல் எப்போதும் விரித்தபடி கிடக்கும் போர்டைப் பற்றித்தான் இந்த மதிப்புரை.

செஸ் ஏன் இல்லை என்று கேட்கலாம். செஸ்ஸில் இருவருக்கும் திறமை இடைவெளி இருந்தால் பத்து ஆட்டமும் ஒரே பக்கம் போகும். ஆட்டம் முழுக்கப் பேச்சே இருக்காது. ஷட்டிலுக்கு இடம் வேண்டும், காற்று அடங்க வேண்டும். மொபைலில் லூடோ ஆடினால் மறுபடியும் திரையைத்தான் பார்க்கிறோம். கேரமில் ஒரு போர்டு, அதாவது ஒருவர் தன் காய்களை எல்லாம் போட்டு முடிக்கும் ஒரு சுற்று, பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம், பதினைந்து வயதுக் கைக்கும் நாற்பத்தைந்து வயதுக் கைக்கும் இங்கே பெரிய வித்தியாசம் கிடையாது. கொஞ்ச நாள் பழகிய பிள்ளை அப்பாவை நேர்மையாகவே ஜெயிக்கும். அந்த வயதில் வீட்டுக்குள் அப்படி ஜெயிக்க வேறு எத்தனை இடம் இருக்கிறது?

தமிழ்நாட்டில் இதற்குக் கண்முன்னே சாட்சிகள் உண்டு. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற சென்னையின் காசிமாவுக்கு அப்போது வயது 17. ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் ஆட்டோ ஓட்டும் அவருடைய அப்பா. 2008-இல் உலக சாம்பியனான இளவழகியும் வியாசர்பாடியில் அப்பாவைப் பார்த்துப் பழகியவர்தான். இரண்டு முறை உலக சாம்பியனாகி அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயமும் சென்னைக்காரர். சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-இல் தொடங்கப்பட்டதும் சென்னையில்தான். எல்லார் வீட்டிலும் சாம்பியன் வளரப் போவதில்லை. ஆனால் நம் ஊர்த் தெருமுனைக் கிளப்புகளில் அப்பாவும் பிள்ளையும் ஒரே போர்டைச் சுற்றி உட்காருவது புதிய விஷயமல்ல என்பதற்காகச் சொல்கிறோம்.

அளவு: கடையில் சொல்லும் இன்ச் வேறு, ஆடும் இன்ச் வேறு

கடைக்காரர் "26 இன்ச்", "32 இன்ச்", "35 இன்ச்" என்று சொல்வது ஃபிரேமையும் சேர்த்த வெளி அளவு. நமக்குத் தேவையான அளவு உள்ளே காய் ஓடும் பரப்பு. போட்டி விதிப்படி அது 73.5 முதல் 74 செ.மீ. வரை, அதாவது சுமார் 29 இன்ச் சதுரம். ஒன்றரை இன்ச் ஃபிரேம் போட்டால் வெளி அளவு 32. மூன்று இன்ச் ஃபிரேம் போட்டால் 35. ஆக 32, 35 இரண்டுக்கும் உள்பரப்பு ஒன்றாகவே இருக்க வாய்ப்புண்டு. டேப் கொண்டுபோய் உள்ளே அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

26 இன்ச் போர்டு சின்னப் பிள்ளைகளுக்குச் சரி. டீன் ஏஜ் கைக்கு அது பொம்மை மாதிரித்தான் தெரியும். ஒரு வாரத்தில் சலித்துவிடும். நாலு மூலையும் எட்டுகிற தூரத்தில் இருப்பதால் கட் ஷாட்டும் (காயின் ஓரத்தைத் தட்டித் திருப்புவது) ரீபவுண்டும் (ஃபிரேமில் மோதித் திரும்பி வந்து அடிப்பது) கற்றுக்கொள்ளத் தேவையே வராது. பிள்ளையை ஆட்டத்தில் கட்டி வைப்பது அந்தக் கஷ்டமான ஷாட்டுகள்தான்.

அடுத்தது பிளைவுட்டின் கனம். 4 மி.மீ., 6 மி.மீ. போர்டுகள் விலை குறைவு. ஆனால் நடுவில் தொய்ந்துவிடும். காய் அடிபடும் சத்தமும் தகரம் மாதிரி இருக்கும். போட்டி விதி குறைந்தபட்சம் 8 மி.மீ. கேட்கிறது. வீட்டுக்கு அதுவே போதும், 12 மி.மீ. வாங்க வசதி இருந்தால் இன்னும் நல்லது. அதற்கு மேலே போவது கிளப்புக்கான போர்டு. கனமும் விலையும் ஏறும், நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஃபிரேமின் தடிமனை வைத்து "ஜம்போ", "புல்டாக்" என்றெல்லாம் பெயர் வைத்து விற்பார்கள். பெயரை விட்டுவிட்டு மூலை இணைப்பைப் பாருங்கள். நகத்தை நுழைத்தால் இடைவெளி தட்டுப்பட்டால் அந்த போர்டு வேண்டாம். சின்கோ, சிஸ்கா, சுர்கோ, பிரிசைஸ் போன்ற பெயர்கள் ஆடுபவர்களிடையே பழக்கமானவை. ஆனாலும் ஒரே பெயரில் வரும் இரண்டு போர்டு ஒரே மாதிரி இருக்கும் என்று நம்ப வேண்டாம். மரம் மரம்தான், பலகைக்குப் பலகை மாறும்.

கடையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டியது

ஆன்லைனில் வாங்கினால் இதெல்லாம் முடியாது. இந்த ஒரு பொருளுக்காவது கடைக்கு நேரில் போகச் சொல்வோம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த போர்டு என்று முடிவெடுக்க வேண்டியது பிள்ளைதான். பணம் கட்டுவது மட்டும் நம் வேலை.

இரண்டடி ஸ்டீல் ஸ்கேலை மூலைவிட்டத்தில் செங்குத்தாக நிறுத்தி, அந்தப் பக்கத்திலிருந்து மொபைல் டார்ச் அடியுங்கள். ஸ்கேலுக்குக் கீழே வெளிச்சம் கசிந்தால் பலகை குழிந்திருக்கிறது. இரண்டு மூலைவிட்டத்திலும் பார்க்க வேண்டும். பிறகு கொஞ்சம் பவுடர் தூவச் சொல்லி, 15 கிராம் ஸ்ட்ரைக்கரை அடிக்கோட்டிலிருந்து முழு பலத்தோடு நேரே சுண்டுங்கள். ஸ்ட்ரைக்கர் இரண்டு ஃபிரேமுக்கும் நடுவே மூன்றரை முறை போய்வர வேண்டும் என்பது போட்டி விதியில் உள்ள அளவுகோல். புது போர்டில் மூன்று வந்தால்கூட வாங்கலாம், பழகப் பழக வழவழப்பு கூடும். இரண்டோடு நின்றுவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள். ஸ்ட்ரைக்கர் போன கோட்டிலேயே திரும்பி வருகிறதா என்பதையும் நாலு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கோணலாகத் திரும்பினால் அந்த ஃபிரேம் நேராகப் பதியவில்லை என்று அர்த்தம். வீட்டில் அந்தப் பக்கம் யார் உட்காருவது என்று தினமும் சண்டை வரும்.

பாக்கெட் ஓட்டை சுமார் 4.45 செ.மீ. விட்டம். சின்ன போர்டுகளில் ஓட்டையைப் பெரிதாக வெட்டி வைத்திருப்பார்கள், எதைத் தட்டினாலும் விழும்.

காய், ஸ்ட்ரைக்கர்

போர்டோடு இலவசமாகத் தரும் காய்களை எடுத்துவைத்துவிட்டு, தனியாக ஒரு மரக் காய் செட் வாங்குங்கள். நல்ல செட்டில் விட்டம் 3.02 முதல் 3.18 செ.மீ., எடை 5 முதல் 5.5 கிராம். வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, ரெட் ஒன்று. பத்துக் காயை அடுக்கிப் பார்த்தால் உயரம் குறைந்தது எது, விளிம்பு சிதைந்தது எது என்று உடனே தெரிந்துவிடும்.

ஸ்ட்ரைக்கர் விதிப்படி 15 கிராமுக்கு மேல் போகக்கூடாது, விட்டம் 4.13 செ.மீ.க்கு மேல் கூடாது. இலவச ஸ்ட்ரைக்கர் பெரும்பாலும் இலேசாக இருக்கும். காயை அது தள்ளுவதைவிடக் காய்தான் அதைத் திருப்பி அனுப்பும். ஆளுக்கொரு ஸ்ட்ரைக்கர் வாங்குவது சின்னச் செலவுதான், ஆனால் பலன் பெரிது. தனக்கென்று ஒன்று இருந்தால் பிள்ளை அதைப் பென்சில் பாக்ஸில் பத்திரமாக வைத்துக்கொள்ளும், ஆடவும் வரும்.

பவுடர் விஷயத்தில் எச்சரிக்கை

கேரம் பவுடராக நம் ஊரில் விற்பது போரிக் பவுடர். ஒரு சிட்டிகை போதும், உள்ளங்கையால் பரப்பித் துணியால் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. கோலமாவு மாதிரித் தூவினால் ஸ்ட்ரைக்கர் கட்டுக்கடங்காமல் ஓடும், மூக்கிலும் ஏறும். முகத்துக்குப் போடும் டால்கம் பவுடர் வேண்டவே வேண்டாம். ஈரத்தை இழுத்துப் பலகையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். மாவு வைத்து ஆடினாலும் அதே கதிதான். போரிக் பவுடர் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் டப்பாவை மேலே வையுங்கள். ஆடி முடித்துக் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது, விரலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு ஆட்டம் வேண்டாம்.

அதேபோல முறுக்கு, பஜ்ஜி தட்டை ஃபிரேம்மேல் வைக்க விடாதீர்கள். எண்ணெய் விரல் பட்ட இடத்தில் காய் தயங்கி நிற்கும். பிளைவுட்டில் ஊறிய எண்ணெய் லேசில் போகாது. கடிக்க ஏதாவது வேண்டுமென்றால் ஆட்டம் முடிந்தபிறகு வைத்துக்கொள்ளலாம்.

எங்கே வைப்பது

வாங்கிய எல்லா போர்டும் வீணாகும் இடம் இதுதான். எடுத்து விரிக்க ஐந்து நிமிடம் ஆகும் பொருளை யாரும் எடுக்க மாட்டார்கள். அதனால் ஸ்டாண்டோடு நிரந்தரமாக ஓர் இடம் ஒதுக்குங்கள். ஸ்டாண்ட் உயரம் 63 முதல் 70 செ.மீ., ஸ்டூல் உயரம் 40 முதல் 50 செ.மீ. தரையில் போட்டுச் சம்மணமிட்டு ஆடலாம்தான், ஆனால் நாற்பது தாண்டிய முழங்கால் இரண்டாவது போர்டுக்குள் எழுந்து போய்விடும். ஆட்டமும் அதோடு முடிந்தது. ஆட்கள் உட்கார நாலு பக்கமும் இரண்டடி இடைவெளி வேண்டும். இருவர் மட்டும் ஆடுவதென்றால் இரண்டு பக்கம் சுவரை ஒட்டியிருந்தாலும் பரவாயில்லை.

பிள்ளையின் அறைக்குள் வைக்க வேண்டாம். அங்கே நீங்கள் நுழைவதே ஒரு சோதனை மாதிரிப் படும். டிவிக்கு நேர் எதிரேயும் வேண்டாம். ஹாலின் மூலை, சாப்பாட்டு மேஜைக்குப் பக்கம், மூடிய பால்கனி என்று போகிற வருகிறவர்கள் நின்று ஒரு சுண்டு சுண்டிவிட்டுப் போகிற இடமாகப் பாருங்கள். பள்ளிவிட்டு வந்து பையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தனியாகவே நாலு ஷாட் அடிக்கும் பிள்ளைதான் ராத்திரி உங்களை ஆடக் கூப்பிடும்.

வெளிச்சம் போர்டுக்கு நேர் மேலே நடுவில் இருக்க வேண்டும். போட்டிகளில் 60 முதல் 100 வாட் குண்டு பல்பு தொங்கவிடுவார்கள்; 9 அல்லது 12 வாட் எல்இடி அதற்குச் சமம். கண்ணில் அடிக்காமல் ஒரு ஷேட் போட்டுவிடுங்கள். தரை சமமாக இல்லாவிட்டால் ஸ்டாண்ட் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துச் சரிசெய்யலாம். ஒரு கோலிக்குண்டை நடுவில் விட்டால் எந்தப் பக்கம் சரிவு என்று தெரிந்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் ரப்பர் துண்டு வைப்பது நல்லது, கீழ்வீட்டுக்காரர் ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்ட மாட்டார்.

ஆட்டத்தை எப்படி அமைத்துக்கொள்வது

முறையான ஒரு கேம் என்பது 25 பாயிண்ட் அல்லது எட்டு போர்டு, எது முதலில் வருகிறதோ அது. போர்டை ஜெயித்தவருக்கு எதிராளியிடம் மிச்சமிருக்கும் ஒவ்வொரு காய்க்கும் ஒரு பாயிண்ட், ரெட்டும் ஃபாலோவும் (ரெட்டை அடுத்துப் போட வேண்டிய சொந்தக் காய்) அவரே போட்டிருந்தால் கூடுதலாக மூன்று. 22-ஐத் தொட்டபிறகு ரெட்டுக்குப் பாயிண்ட் கிடையாது. ஒரே உட்காரலில் இதை முடிக்க வேண்டுமென்றால் பரீட்சை நேரத்தில் யாருக்கும் நேரம் இருக்காது.

அதனால் நாங்கள் பரிந்துரைப்பது: ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு போர்டு, அதிகம் போனால் இரண்டு. பாயிண்டை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி ஒட்டிவையுங்கள். 25 வர நாலு நாள் ஆகட்டும், ஒரு வாரம் ஆகட்டும். 17-க்கு 14 என்று பாதியில் நிற்கும் கேம் மறுநாள் இருவரையும் தானாக உட்கார வைக்கும். "குடும்ப நேரம்" என்று பெயர் வைத்து ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கட்டாயம் என்று அறிவித்தீர்களானால் அது இன்னொரு டியூஷன் ஆகிவிடும்.

முதல் நாளே விதிகளைப் பேசி ஒரு தாளில் எழுதிவிடுங்கள். கட்டைவிரலால் சுண்டலாமா (போட்டியில் அனுமதி உண்டு), சொந்தக் காய் ஒன்று போடுவதற்கு முன் ரெட் எடுக்கலாமா (போட்டியில் கூடாது), ஸ்ட்ரைக்கர் விழுந்தால் எத்தனை காய் அபராதம், அடிக்கோட்டின் இரண்டு கோட்டையும் தொடாமல் ஸ்ட்ரைக்கர் வைத்தால் என்ன செய்வது. தெருவுக்குத் தெரு விதி மாறும், உங்கள் சின்ன வயசுத் தெரு விதி பிள்ளைக்குத் தெரியாது. நடு ஆட்டத்தில் "எங்க காலத்துல இப்படித்தான்" என்று எடுத்துவிட்டால் அன்றைய பேச்சு அங்கேயே முடிந்தது.

திறமை வித்தியாசம் அதிகமாக இருந்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு அது தெரிந்துவிடும், அவமானமாகவும் படும். வெளிப்படையாக ஐந்து பாயிண்ட் முன்கூட்டியே கொடுத்து 25-க்கு ஆடுங்கள். ஜெயிக்கத் தொடங்கியதும் அதை மூன்றாக்கி, பிறகு எடுத்துவிடலாம். சில மாதத்தில் அந்த ஐந்தை நீங்கள் கேட்க வேண்டி வரும்.

இன்னொரு நல்ல ஏற்பாடு டபுள்ஸ். அப்பாவும் மகளும் ஒரு அணி, அம்மாவும் மகனும் ஒரு அணி. கூட்டாளிகள் எதிரெதிரே உட்காருவார்கள். போட்டியில் கூட்டாளியோடு பேசக் கூடாது; வீட்டில் அந்தத் தடையைத் தூக்கிவிடுங்கள். "அம்மா, அந்த மூலைக் காயை நீ விட்டுடு, நான் பாத்துக்கறேன்" என்று பிள்ளை சொல்வது இந்த ஏற்பாட்டில்தான் நடக்கும். அம்மாவை நடுவில் அடுப்படிக்கு அனுப்பாமல் இருப்பது மற்றவர்கள் பொறுப்பு. குக்கரை முன்கூட்டியே இறக்கிவிட்டு உட்காருங்கள்.

எதில் கெட்டுப்போகிறது

ஆட்டத்துக்கு நடுவே மார்க் கேட்பதில்தான் அதிகமாகக் கெட்டுப்போகிறது. பிள்ளை குனிந்து குறி பார்க்கும்போது "கெமிஸ்ட்ரி டெஸ்ட் பேப்பர் கொடுத்தாங்களா?" என்று ஒரு தடவை கேட்டால் போதும், அடுத்த வாரம் முதல் "எனக்கு ஹோம்வர்க் இருக்கு" வந்துவிடும். போர்டுக்கு முன்னால் நீங்கள் கேள்வி கேட்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆபீசில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லலாம், சும்மாவும் இருக்கலாம். பிள்ளை ஏதாவது சொன்னால் கண்ணைக் காயிலிருந்து எடுக்காமல் "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். சட்டென்று நிமிர்ந்து முகத்தைப் பார்த்தால் பாதி விஷயம் உள்ளேயே போய்விடும்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் பாடம் நடத்துவது இதற்கு அடுத்த தவறு. கேட்டால் ஒழியச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவர்களுக்குத் தெரியாத கட் ஷாட்டை நீங்கள் அடித்துக் காட்டினாலே போதும், பார்த்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, போர்டைத் தண்டனையாக்குவது. "மார்க் ஏறட்டும், அப்புறம் கேரம்" என்று துணியைப் போர்த்தி மூடும் வீடுகள் நிறைய. பொதுத்தேர்வு வருடத்தில் பத்து நிமிட போர்டு படிப்பைக் கெடுக்காது. அந்த வருடம் பிள்ளையோடு சண்டையில்லாமல் கழியும் பத்து நிமிடம் வேறு கிடைப்பதும் கஷ்டம். ஃபோன் விஷயத்தில் விதி இருவருக்கும் பொது: ஃபிரேம்மேல் ஃபோன் கிடையாது. ஆபீஸ் வாட்ஸ்அப் வந்தால் போர்டு முடிந்தபிறகு பார்க்கலாம்.

மழைக்காலப் பராமரிப்பு

ஐப்பசி, கார்த்திகையில் பிளைவுட் ஈரத்தை இழுத்துத் தடிக்கும், ஸ்ட்ரைக்கர் பாதியில் நிற்கும். அதற்காகப் பவுடரை மேலும் மேலும் கொட்டினால் ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகிவிடும். பழைய பவுடர் முழுவதையும் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்தெடுத்து, மேலே தொங்குவது குண்டு பல்பாக இருந்தால் அதைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு, பிறகு புதுசாக ஒரு சிட்டிகை போடுங்கள். ஈரத்துணி எக்காலத்திலும் கூடாது. ஊருக்குப் போகும்போது சுவரில் சாய்த்து வைக்கக் கூடாது, பலகை வளையும். ஸ்டாண்டின்மேலேயே படுக்கையாக விட்டுப் பழைய போர்வையால் மூடினால் போதும். வெயில் நேராக அடிக்கும் ஜன்னல் ஓரமும் வேண்டாம்.

யாருக்கு வேண்டாம்

போர்டுக்கும் சுற்றி உட்காரவும் நிரந்தரமாக இடம் ஒதுக்க முடியாத வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம், வாங்கினாலும் கட்டிலுக்கு அடியில்தான் போகும். வீட்டில் யாராவது தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவராக இருந்தால் (பிள்ளையைச் சொல்லவில்லை) முதலில் டபுள்ஸ் மட்டும் ஆடிப் பாருங்கள்.

வீட்டில் ஏற்கெனவே 26 இன்ச் போர்டு இருந்தால் உடனே புதிதுக்கு ஓட வேண்டாம். அதை இறக்கித் துடைத்து, ஒரு ஸ்டாண்ட்மேல் போட்டு, 15 கிராம் ஸ்ட்ரைக்கர் இரண்டு மட்டும் வாங்கி ஒரு மாதம் ஹாலில் விட்டுப் பாருங்கள். அந்த மாதத்தில் பிள்ளை தானாக வந்து "ஒரு போர்டு போடலாமா?" என்று கேட்டால் பெரிய போர்டுக்குப் பணம் எடுத்துவைக்கலாம். கேட்கவில்லையென்றால் ஸ்ட்ரைக்கர் செலவோடு போயிற்று.